கண் விழிக்காத பந்தல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் மாத்திரைப் பேச்சுதான். போன டிசம்பரில் பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோதும் அதுதான் நடந்தது. ஒருத்தி முட்டியைத் தடவிக்கொண்டே, இந்த வருஷம் குளிர் தாங்க முடியவில்லை என்றாள். தொண்ணூற்றெட்டு முடிந்து தொண்ணூற்றொன்பது பிறந்தபோது ஒரு குளிர் அடித்ததே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நாமெல்லாம் அப்போது ஆறாம் வகுப்பு. யாருக்கும் நினைவில்லை. ஒருவேளை அவர்கள் வீடுகளில் அது வெறும் குளிராக வந்து போயிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படியில்லை. அந்த வருஷம் எங்கள் திராட்சைத் தோட்டம் கண் விழிக்காமல் கிடந்தது.

திராட்சை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பன்னீர் திராட்சைக்கொடி ஒரு தடவை நட்டால் இருபது வருஷம் கூட நிற்கும். பழம் அறுத்ததும் கவாத்து வெட்டுவார்கள். இலை, கிளை எல்லாம் போய் பந்தல் மேல் வெறும் குச்சிதான் இருக்கும். அந்தக் குச்சியின் கணுவுக்குக் கணு ஒரு மொட்டு. அதற்குப் பெயர் கண். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் விழித்துவிடும். ரோஸ் நிறத்தில் பஞ்சு போலப் புடைத்து, அதிலிருந்து இலை வந்து, இலையோடு கூடவே பிஞ்சுக் குலையும் வந்துவிடும். வெட்டின மறுநாள் வெட்டுவாயில் நீர் சொட்டும். கொடி அழுகிறது என்பார்கள். அழுதால் நல்லது, வேர் உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எங்களுக்கு வீடு உத்தமபாளையத்தில். தோட்டம் ஊரைத் தாண்டி மலையைப் பார்த்த பக்கம். எங்களில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்கு ஒரு தோட்டம், அத்தாவின் அண்ணனான பெரியத்தாவுக்கு அதை ஒட்டி இன்னொன்று. நடுவில் வேலி கிடையாது, ஒரு வரிசைக் கல்லுக்கால்தான் எல்லை. கிணறும் மோட்டாரும் பொது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்து அடித்து அந்தக் கல்லெல்லாம் நீலம் பாரித்திருக்கும். மழை பெய்தாலும் போகாத நீலம். அந்த நிறத்தை அப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை.

அம்மாவுக்கும் தோட்டத்துக்கும் அதுவரை பெரிய சம்பந்தமில்லை. அவள் தையல்காரி. முன்னறையில் மிதி மிஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை, பிள்ளைகளுக்குக் கவுன் எல்லாம் தைப்பாள். பழம் அறுக்கும்போது மட்டும் வந்து, குலையில் அழுகல் பார்த்துக் கிள்ளிவிட்டு, காகிதம் விரித்த கூடையில் அடுக்குவாள். கவாத்து, மருந்து, தண்ணீர் எல்லாம் அத்தாவின் காரியம்.

அந்தக் கார்த்திகையில், எஸ்டேட்டில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவரைப் பார்த்துவிட்டு மேகமலை ரோட்டில் இறங்கி வந்த அத்தா மொபெட்டோடு சரிந்தார். தொடை எலும்பு உடைந்துபோனது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி, அசையக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டோம். மிஷின் சமையலறைப் பக்கம் போனது.

இந்த அமளியில் கவாத்து தள்ளிப்போய்விட்டது. மார்கழி பிறந்த பிறகுதான் ஓடைப்பட்டியிலிருந்து கவாத்து ஆட்கள் வந்தார்கள். இப்போது வெட்டினால் பனியில் மாட்டும், தையில் வெட்டினால் பழம் மழையில் மாட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார் அவர்களின் தலைவர். அம்மா பெரியத்தாவிடம் கேட்டாள். வெட்டுவோம் என்றார் அவர். இரண்டு தோட்டத்தையும் அதே ஆட்கள் அதே நாட்களில் வெட்டினார்கள். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் பின்னால் எல்லோரும் மறந்துபோனது இதைத்தான்.

மறுநாள் கொடி அழவில்லை.

அன்றிலிருந்துதான் குளிர் இறங்கியது. நம் பள்ளத்தாக்கில் குளிர் என்றால் விடியற்காலையில் ஒரு போர்வைக் குளிர், அவ்வளவுதானே. அந்த வருஷம் மத்தியானத்திலும் தேங்காய் எண்ணெய் உருகவில்லை. பாட்டிலுக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி எடுத்துத்தான் தலைக்குத் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மேகமலை இருந்த திசையில் பத்து மணி வரைக்கும் மலையே இருக்காது, வெள்ளையாக ஒரு சுவர் மட்டும் நிற்கும். அந்த வருஷம் நோன்பும் மார்கழியில்தான் வந்தது. விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சோறு தட்டில் போட்டதும் ஆறிவிடும். பல் கூசக் கூசத் தண்ணீர் குடித்துவிட்டு, இன்று நோன்பு என்று நிய்யத்து வைப்போம். தெருவில் கோலம் போடும் பெண்கள் ஆண்களின் மப்ளரைத் தலையில் சுற்றியிருப்பார்கள்.

தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் அம்மா தோட்டத்துக்கு நடப்பாள். திரும்பி வரும்போது அத்தா கட்டிலிலிருந்து கேட்பார்.

"கண்ணு விழிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியதே இல்லை. விழிக்கவில்லை என்றால் விழிக்கவில்லை. அத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து நாள் போனது, அப்புறம் இன்னொரு பத்து நாளும் போனது. முன்கூட்டியே வெட்டிய தோட்டங்களில் இலை வந்து, பனியில் கருகியது. எங்கள் இரண்டு தோட்டத்திலும் கருகக்கூட இலை இல்லை. குச்சி விறகு போல இருந்தது.

ஊர் பேச ஆரம்பித்தது. ஆம்பிளை படுத்துக்கிடக்க, பொம்பளை போய்க் கவாத்து வைத்தால் இப்படித்தான் என்றார்கள். தையல்காரி துணியை வெட்டுகிற மாதிரி கொடியை வெட்டிவிட்டாள் என்று ஒருவர் சொன்னதைப் பள்ளிவாசலில் கஞ்சி வாங்க நின்றபோது நானே கேட்டேன். வெட்டச் சொன்னது பெரியத்தா, வெட்டியது ஓடைப்பட்டி ஆட்கள். கெட்ட பேர் மட்டும் அம்மாவுக்கு. அம்மாவிடம் வந்து சொன்னேன். கஞ்சிச் சட்டியை வாங்கி மூடி வைத்துவிட்டு, கஞ்சியில் கறி போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும். பெரியத்தா வீட்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தாவோடு வெகுநேரம் பேசினார். கொடி செத்துவிட்டது, இனி அதை நம்பி நிற்பது வீண், தையிலேயே வாழை வைத்தால்தான் தண்ணீர் இருக்கும்போது பிழைக்கும், பொதுக் கிணறு என்பதால் இரண்டு பேரும் ஒரே வெள்ளாமை வைத்தால்தான் முறை சரியாக வரும் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு நானும் என் தம்பியும் கதவுக்குப் பின்னால் நின்று, நம் தோட்டத்தைப் பிடுங்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டோம். இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தா கேட்டுவிட்டு, கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வெட்டிருங்கண்ணே. இனிமே அது எந்திரிக்காது."

அந்தக் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அது கொடியைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்டது. என் முட்டி பிடிக்க ஆரம்பித்த இந்த வயதில்தான் புரிகிறது, அந்த மனுஷருக்குத் தன் கால் மீதே நம்பிக்கை போயிருந்தது. தான் இனி நடக்கப்போவதில்லை என்று நினைத்தவருக்கு, தான் நடக்காத ஒரு தோட்டம் பச்சையாக இருக்கும் என்று நினைக்க முடியவில்லை. நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அத்தாவுக்குக் கோபம் என்றுதான் நினைத்தோம்.

அம்மா தேத்தண்ணீர் கூடக் கொடுக்க முடியாத நோன்பு நேரம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுங்க பெரிய மச்சான், என்று மட்டும் பெரியத்தாவிடம் சொன்னாள். சரி, பத்துப் பதினைந்து நாள்தானே என்று பெரியத்தாவும் ஒத்துக்கொண்டார். ஆனால் தன்னுடையதற்கு அவர் பொறுக்கவில்லை. மறுநாளே ஆள் விட்டு அடியோடு அறுக்க ஆரம்பித்தார். மேலே பந்தல் கம்பி அப்படியே இருக்க, கீழே தொடைத் தண்டித் தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அறுத்து முடித்துவிட்டு, பிறகு வேர்க்கட்டையைத் தோண்டுவதாக ஏற்பாடு.

அறுத்தவர்கள் எல்லைக் கல்லைக் கவனிக்கவில்லை. அம்மா ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தபோது எங்கள் வரிசையிலும் நாலைந்து கொடி அறுபட்டுக் கிடந்தது. வேண்டுமென்று செய்ததில்லை. அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு தெரியாமல் நடந்துவிட்டது என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, எருவடிக்கிற மாட்டுவண்டிக்குச் சொல்லி அனுப்பினாள். தையல் மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். கத்தரிக்கோல், நூல்கண்டுப் பெட்டி, தைக்கக் கிடந்த துணி மூட்டை, ஒரு முக்காலி. அத்தா கட்டிலிலிருந்து, என்ன செய்கிறாய் என்றார். பெருநாள் துணி தலைக்கு மேல் கிடக்கிறது, வீட்டிலிருந்து தைத்தால் தோட்டம் போகும், தோட்டத்திலிருந்தால் தையல் போகும், அதனால் மிஷினை அங்கே கொண்டுபோகிறேன் என்றாள். இட்லி மாவு அரைக்கப் போவதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு இலைகூட இல்லாத பந்தல். கம்பி நிழல் மட்டும் தரையில் கட்டம் கட்டமாக விழும். அதன் நடுவில் ஒரு தையல் மிஷின். இலை இருந்தால் பந்தலுக்குள் எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும், அந்த வருஷம்தான் வெயில் முழுசாக உள்ளே வந்தது. அந்தக் குளிருக்கு அது சுகம். மிஷின் ஓடும் சத்தம் தூரத்து ரோடு வரைக்கும் கேட்கும். பொழுது சாய்ந்ததும் மிஷினை மோட்டார் ரூமுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வருவாள்.

முதல் இரண்டு நாள் ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு துணியோடு வந்தார்கள். பெருநாளும் பொங்கலும் சேர்ந்து வந்த வருஷம். எங்கள் தெருப் பெண்கள் நோன்புக் களைப்போடு நடந்து வந்து அளவு கொடுத்துவிட்டு, கல்லில் சாய்ந்து சற்று வெயில் காய்ந்துவிட்டுப் போவார்கள். தெற்குத் தோட்டத்துக்கார அம்மா தினமும் வருவார். அவர்கள் கத்தரியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினால் எங்கள் வீட்டுக்கு ஆட்டை உயிரோடு அனுப்பி நாங்கள் ஓதி அறுத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற குடும்பம். அம்மா அவரை அக்கா என்பாள். மகளுக்கு மாசியில் கல்யாணம் வைத்திருந்தார். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்து, பொழுது விழுந்து சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் பள்ளிவாசல் கஞ்சியைக் கொண்டுபோனேன். பாங்கு சத்தம் காற்றில் மெலிசாக வந்தது. மிஷின் பலகையின் மேல் வைத்து, முதலில் பேரீச்சம்பழம், பிறகு கஞ்சி, பிறகு நெய் மணக்கும் பொங்கல்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தோட்டம். தண்டின் பட்டையில் நகத்தால் ஒரே ஒரு கீறல். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கொடியில் ஒரு வெட்டுத்துணியைக் கட்ட வேண்டும். ஒரு கொடியை ஒரு தடவைக்கு மேல் கீறக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, பூப்போட்ட ரோஸ். கொஞ்ச நாளில் பந்தலுக்குக் கீழே தோட்டமே தர்கா மரம் மாதிரி ஆகிவிட்டது. முக்கால்வாசிக் கொடியில் துணி. வாய்க்கால் ஓரப் பள்ளத்தில் இருந்த வரிசைகளில்தான் நிறைய கொடிகள் வெறுமனே நின்றன. துணி கட்டியதில் பச்சை இருந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

பெருநாள் வந்தது. எல்லோருக்கும் துணி தைத்துக் கொடுத்த அம்மா, எனக்கும் தம்பிக்கும் முந்தைய நாள் சாயங்காலம்தான் காஜா எடுத்தாள். அத்தா கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து தொழுதார். பிரியாணி ஆக்கினோம்.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம் போலத் தோட்டத்துக்குப் போய் மிஷினை வெளியே இழுத்துப் போட்டாள். எனக்கு லீவு. கூட இருந்தேன். பெரியத்தா வந்தார், பின்னால் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். அவர்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு அவர் மட்டும் அருகில் வந்தார். அம்மா மிதிப்பதை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏம்மா, பெருநாள் வரைக்கும்னு நீதான சொன்ன?"

"ஆமா, சொன்னேன்."

"முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு இப்பச் சொல்றேன்."

பெரியத்தா பந்தலை அண்ணாந்து பார்த்தார். துணிக் கிழிசல்களைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, முகம் வாடிப்போனது.

"ஒங்க தோட்டத்த அழிக்கவா நான் நிக்கிறேன்? மொதல்ல என்னோடதத்தான வெட்டுனேன்? நீ தைக்கிறவம்மா. இது ஒனக்கு வெளங்காது."

"தையலு தப்பாப் போனாப் பிரிச்சுத் தச்சுரலாம் பெரிய மச்சான். இத வெட்டுனா ஒட்ட முடியுமா? உள்ள பச்ச இருக்கு. பச்ச இருக்கயில வெட்ட விடமாட்டேன்."

தம்பியே வெட்டச் சொல்லிவிட்டான் என்றார் அவர்.

"அவுக படுத்துக்கிட்டுச் சொல்றாக. இங்கன வந்து ஒவ்வொரு கொடியாப் பாத்துட்டு வெட்டுன்னு சொல்லட்டும். நான் மிஷினத் தூக்கிக்கிட்டுப் போயிருறேன்."

அத்தா வர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாழைக்கட்டை வந்து இறங்கிக் கிடக்கிறது, தண்ணீர் முறைக்கு என்ன செய்வது என்று கேட்டார் பெரியத்தா. எங்கள் முறைத் தண்ணீரையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், இலையில்லாத கொடிக்கு இப்போது தண்ணீர் வேண்டாம், இலை வந்தபிறகு திருப்பித் தந்தால் போதும் என்றாள் அம்மா. இலை வந்தபிறகு என்று அவள் சொன்னதைக் கேட்டு, கடப்பாரைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியத்தா சிரிக்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு வீட்டில் அத்தாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் பேச்சைத் தட்டிவிட்டாள் என்று அத்தாவுக்கு வருத்தம். அம்மா தட்டில் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். அடுத்த நாளிலிருந்து கண் விழித்ததா என்று கேட்பதையும் அவர் விட்டுவிட்டார். கேட்காவிட்டாலும் அம்மா உள்ளே வரும்போது, இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள்.

தை பாதிக்கு மேல் போனது. வெயிலுக்குக் கொஞ்சம் கை கால் முளைத்தது. எண்ணெய் மத்தியானத்தில் உருகியது. மலைச்சுவர் காலை எட்டு மணிக்கே விலகி, தேயிலைப் பச்சை தெரிய ஆரம்பித்தது. பெரியத்தா பக்கத்தில் வேர்க்கட்டை தோண்டும் வேலை பாதி வரைக்கும் வந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை. தெற்குத் தோட்டத்துக்கார அம்மா கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, அம்மா அவர் மகளின் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். அரக்குப் பட்டு. கையில் ஜரிகை வைத்துத் திருப்பும்போது துணியின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. பட்டில் தண்ணீர் பட்டால் திட்டு விழும். அம்மா வெடுக்கென்று துணியை உருவி, முந்தானையால் ஒற்றி எடுத்தாள். காக்கையா என்று மூவரும் மேலே பார்த்தோம். காக்கை இல்லை, மேகமும் இல்லை. அதற்குள் மிஷின் பலகையில் இன்னொரு துளி.

அம்மா முக்காலியை நகர்த்திப் போட்டு ஏறினாள். மார்கழியில் வெட்டிய குச்சியின் நுனியில், காய்ந்து கறுத்துப்போன வெட்டுவாயில், கண்ணாடி மணி மாதிரி ஒரு துளி நின்றது. பக்கத்துக் குச்சியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நான் கீழே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இறங்கினாள்.

"மிஷினப் புடி. உள்ள தள்ளணும், துணி நனஞ்சுரும்."

மூன்று பேருமாக மிஷினை மோட்டார் ரூமுக்குத் தள்ளினோம். தள்ளும்போதே தெற்குத் தோட்டத்துக்கார அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதுருச்சா தாயி, அழுதுருச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வெளியே வந்து பார்த்தால் பந்தல் முழுக்கச் சொட்டுகிறது. வெயிலில், சத்தமில்லாமல், தரையெல்லாம் புள்ளி புள்ளியாக ஈரம். மண் வாசனை கிளம்பிவிட்டது.

அம்மா எல்லைக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். பெரியத்தா தன் தோட்டத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார். அறுத்துவிட்ட கட்டைகள் தரையோடு தரையாக, வட்ட வட்டமாக, எல்லாமே நனைந்து பளபளத்தன. சிலதிலிருந்து நீர் வழிந்து பக்கத்து மண்ணைக் கறுப்பாக்கியிருந்தது. இன்னொரு பக்கம் பிடுங்கிய வேர்கள் அம்பாரமாகக் கிடந்தன. அவர் ஒரு கட்டையின் பக்கத்தில் குத்தவைத்து, வேட்டி நுனியால் அதைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது. ஒரு பெரிய மனுஷரின் முகத்தை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை.

"மிச்சத்தத் தோண்டாதீக பெரிய மச்சான். அடியில இருந்து கெளம்பும்."

"பாதி தோண்டியாச்சேம்மா."

"பாதி இருக்குல்ல."

அவர் தலையாட்டினார். அன்று மாலையே எங்கள் முறைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார், நாங்கள் கேட்கவில்லை. இறக்கி வைத்திருந்த வாழைக்கட்டைகளை, வேர் பிடுங்கியிருந்த பாதியில் மட்டும் நட்டார். மீதிப் பாதியில் கட்டையிலிருந்து கிளம்பிய துளிரைக் குச்சி கட்டி ஏற்றி மறுபடி பந்தலுக்குக் கொண்டுபோக அவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. தம்பி குடும்பத்துக்கு முன்னால் தான் நஷ்டப்பட்டு வழி காட்ட வேண்டும் என்றுதான் அவர் முதலில் தன் கொடியை அறுத்திருக்கிறார். இதை அவர் மவுத்தாகி அடக்கம் செய்தபிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கண் விழிக்க அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஆனது. முதல் ரோஸ் பஞ்சு தெரிந்த அன்று அம்மா வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மாட்டுவண்டியைக் கூப்பிட்டாள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டாள். பெரியத்தாவும் தெருப் பையன்களும் சேர்ந்து அத்தாவைத் தூக்கி வைத்தார்கள். எங்கே என்று அத்தா கேட்டார். வெட்டணுமா வேண்டாமான்னு பாத்துச் சொல்லுங்க, என்றாள் அம்மா. வழி நெடுக வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் அவர் காலை அமுக்கிப் பிடித்தபடி வந்தேன்.

பந்தலுக்கு அடியில் வண்டி நின்றது. படுத்தபடியே அவருக்கு எல்லாம் தெரிந்தது. எங்களுக்குக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியது, அவர் முகத்துக்கு நேராக இருந்தது. வெகுநேரம் பார்த்தார். தாழ்ந்திருந்த ஒரு குச்சியைப் பிடித்து, கண்ணை விரல் படாமல் பக்கத்திலிருந்து பார்த்தார்.

"எனக்கு ஒரு கம்பு எடுத்துக் குடு. எந்திரிச்சுப் பாக்கணும்."

டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இருந்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் பெரியத்தா, ஒரு பக்கம் அம்மா. எட்டு வைக்கவில்லை, ஒற்றைக் காலில் நின்றார், அவ்வளவுதான். நின்றுகொண்டே மருந்து எப்போது அடிக்க வேண்டும், எந்த வரிசைக்கு முதலில் தண்ணீர் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அம்மா பதில் சொல்லிக்கொண்டே வந்தாள், இரண்டு இடத்தில் அவர் சொன்னதை மறுத்தாள். வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் போகம் பழம் குறைவு. குலை சிறிசு, ஆனால் அப்படி ஒரு இனிப்பு. அறுத்து முடித்து மறு கவாத்துக்கு ஓடைப்பட்டி ஆட்கள் வந்தபோது வைகாசிக் காற்று ஆரம்பித்திருந்தது. என்றைக்கு வெட்ட வேண்டும் என்று இந்தத் தடவை அவர்கள் அம்மாவைத்தான் கேட்டார்கள். அத்தா கம்பு ஊன்றி நடந்து வந்து, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

வாய்க்கால் ஓரப் பள்ளத்து வரிசைகள் கடைசி வரை விழிக்கவில்லை. அவற்றுக்கும் மாசியிலிருந்து அம்மா தண்ணீர் விட்டிருந்தாள், எரு வைத்திருந்தாள், வேரைத் திறந்து பார்த்து மூடியிருந்தாள். அன்று காலையில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, பட்டையை உரித்து, உள்ளே பார்த்துவிட்டு வந்தாள். வந்து, ஆட்களிடமிருந்து ரம்பத்தை வாங்கினாள்.

பெரியத்தா பதறிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்.

"இன்னொரு தண்ணி விட்டுப் பாப்போமேம்மா. வந்தாலும் வரும்."

"பாத்தாச்சு பெரிய மச்சான்."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். கை பழகாததால் முதல் இழுப்பில் ரம்பம் வழுக்கியது. இடது கையால் தண்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். கொடி சாய்ந்ததும் வெட்டுவாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை. எழுந்து அடுத்த கொடிக்குப் போனாள்.